இரயிலும் ரயிலும்: ஓர் எழுத்தின் வழக்கு

விருதுநகரையும் தென்காசியையும் இணைக்கும் இருப்புப்பாதை 1927ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சங்கரன்கோவில் எனக் கரிசல் நிலத்தின் ஊர்களைத் தொட்டுச் சென்ற அவ்வண்டியின் பெயரை ஏட்டில் எவ்வாறு எழுதுவது என்னும் வழக்கு மட்டும் ஏறத்தாழ நூறாண்டு கடந்தும் தீர்ப்பாகவில்லை. இரயில் என்பர் ஒரு சாரார். ரயில் என்பர் மற்றொரு சாரார். தினத்தந்தி நாளிதழ் ரெயில் என்றே எழுதி வருகிறது. கடல் கடந்து ஈழத்துக்குச் சென்றால் றெயில் என்று வல்லின றகரம் இட்டு எழுதுவாரைக் காணலாம். அங்கு அலுவல் வழக்கிலோ புகையிரதம் என்பது பெயர். ஒரு வண்டிக்கு இத்தனை உடை எதற்கு என்று மாணவர் கேட்கின்றனர். கேள்வி நேரியது, விடையும் நேராக இருத்தல் வேண்டும்.

ஓர் எழுத்தைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று பெரியோர் சிலர் நகைக்கக்கூடும். அந்த ஓர் எழுத்துக்காக மதிப்பெண் இழந்த மாணவர் உளர். அந்த ஓர் எழுத்து மாறிப்போனதால் தந்தையின் பெயரும் தம் சான்றிதழும் பொருந்தாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவோரும் நம் ஊர்களில் உளர். ஆதலின் இஃது இலக்கண ஆசிரியர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு அன்று.

முதற்கண் இலக்கணம் கூறுவதைக் காண்போம். தமிழ்ச் சொற்களின் முதலில் இன்ன எழுத்துகளே வரும் எனத் தொல்காப்பியம் வரையறுத்துள்ளது. பன்னிரண்டு உயிரும், க, த, ந, ப, ம என்பனவற்றின் உயிர்மெய்களும் தடையின்றி வரும்; ச, வ, ஞ, ய ஆகியவை சில உயிர்களோடு மட்டும் வரும். இவற்றுள் ரகரமும் லகரமும் இல்லை. தமிழர் நாவுக்கு ரகரத்தில் தொடங்கும் சொல் அன்று இயல்பாக இருக்கவில்லை என்பதே இதன் பொருள். பின்னர் வடசொற்கள் மிகுதியாகப் புகுந்தபோது, பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் யாத்த பவணந்தி முனிவர் அதற்கொரு வழி வகுத்தார். ரகரத்தில் தொடங்கும் வடசொல்லுக்கு முன்னே அகரம், இகரம், உகரம் என்னும் மூன்று குறில்களுள் ஒன்று வரும். லகரத்துக்கு இகரமும் உகரமும் வரும். யகரத்துக்கு இகரம் வரும் என்றார். அரங்கம், இராமன், உரோமம், இலாபம், உலோகம், இயக்கன் என்பன அவ்வாறு வந்தவை.

இவ்விதியை ஏதோ பண்டிதர் அறையில் அமர்ந்து கட்டிய வேலி என எண்ணலாகாது. மக்கள் நாவில் நிகழ்ந்ததையே இலக்கணம் எழுதி வைத்தது. இவ்வூரிலேயே அதற்குச் சான்று உண்டு. ஆண்டாளும் பெரியாழ்வாரும் பாடியது அரங்கனை. திருவை முன்னிட்டால் அது திருவரங்கம், அகரம் இருக்கிறது. ஸ்ரீயை முன்னிட்டாலோ ஸ்ரீரங்கம், அகரம் இல்லை. ரகரம் சொல்லின் நடுவே போய்விட்டதால் அதற்கு ஊன்றுகோல் வேண்டியதில்லை. ஓர் ஊரின் இரண்டு பெயர்களுக்குள் ஓர் இலக்கண விதி முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. (நம் ஊரும் பாசுரங்களில் வில்லிபுத்தூர் என்றும் புதுவை என்றுமே வழங்குகிறது. ஸ்ரீயா, திருவா என்னும் வழக்கு வேறு; அதை இங்கே இழுக்க விரும்பவில்லை.)

இத்தகைய முன்னொட்டு தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. பனி நாடுகளில் காலில் கட்டிக்கொண்டு சறுக்கிச் செல்லும் நீண்ட பலகைக்கு நார்வே மொழியில் வழங்கும் பெயரை ஷீ என ஒலிப்பர். பிளந்த மரக்கட்டை என்பது அதன் பழம்பொருள். ஆங்கிலேயர் அச்சொல்லைக் கடன் வாங்கிய தொடக்க நாள்களில் நெடில் ஒலி தெரியும்படி ஈற்றெழுத்தை இரட்டித்து எழுதியவரும் இருந்தனர். நார்வே எழுத்தை அப்படியே வைத்தவரும் இருந்தனர். நார்வே எழுத்து நிலைத்தது. ஒலிப்பு மட்டும் ஸ்கீ என மாறிற்று. இரட்டித்த பழைய எழுத்து அகராதியின் மூலைக்குப் போயிற்று. செருமானியரோ ஸ்கி எனத் தோன்றும் எழுத்தையும், ஷி என ஒலிக்கேற்ப அமைந்த எழுத்தையும் இன்றளவும் சரியென ஏற்கின்றனர். இத்தாலியர் தம் எழுத்து முறைப்படி ஷி என்று ஒலிக்குமாறு எழுதிக்கொண்டனர். எசுப்பானியர் செய்ததுதான் நமக்கு மிக நெருக்கம். சகர மெய்யும் வேறொரு மெய்யும் சேர்ந்து சொல்லுக்கு முதலாவதை அவர்கள் நா ஏற்காது. எனவே முன்னே ஓர் எகரம் இட்டு எஸ்கீ என்றனர். நம் கிராமத்துப் பாட்டி இஸ்கூல் என்கிறாளே, அதே செயல்தான். பாட்டியைக் கண்டு நகைக்கும் பேரன் எசுப்பானிய நாட்டையே நகைத்தவன் ஆகிறான். நாம் அப்பலகையின் பெயரைக் கடன் வாங்காமல் பனிச்சறுக்கு என்று செயலுக்கே பெயரிட்டுக்கொண்டோம். பனியே இல்லாத நாட்டில் அது போதுமானதாக இருக்கிறது.

அரபு மொழிக்கு வருவோம். கிரேக்க அறிஞர் பிளேட்டோவை அரபியர் அஃப்லாத்தூன் என்று அழைத்தனர். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் இணைந்து நிற்பதை அரபு மொழி ஏற்பதில்லை. முன்னே ஓர் உயிரை நிறுத்திப் பெயரைத் தம் மொழிக்கு உரியதாக்கினர். அதனால் அம்மேதையின் பெருமை குறையவில்லை. அரபு மொழியின் பெருமையும் குறையவில்லை.

நம் முன்னோரும் இம்முறையையே மேற்கொண்டனர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்க. வாழ்க்கை வரலாறு எனப் பொருள்படும் அரபுச் சொல்லைச் சீறா என்று வல்லின றகரம் இட்டு எழுதினர். புலவரின் பெயரும் உமறுதான். உமர் என்பது பிற்கால எழுத்து. காண்டங்களின் பெயரிலும் ஹிஜ்றத்துக் காண்டம் என்பதில் றகரமே நிற்கிறது. நாநுனி அதிர்ந்து ஒலிக்கும் அரபு ரகரத்துக்கு இடையின ரகரத்தினும் வல்லின றகரமே நெருங்கியது எனக் கருதினர் போலும். றகரமும் தமிழில் மொழிக்கு முதலில் வாராது. அதனால் அச்சொல் முதலில் நிற்குமிடத்து இகரத்தை முன்னிறுத்தி இறசூல் என்றனர். ஒரே சொல்லில் ஒலிக்கு மதிப்பும் இலக்கணத்துக்கு மதிப்பும் கிடைத்தன. இன்று இறசூல் என்று எழுதும் மாணவனை எழுத்துப்பிழை எனத் திருத்துபவர், பிழையை அன்று, ஒரு மரபையே அடித்துவிடுகிறார். ஈழத்து முஸ்லிம்கள் அம்மரபின் ஒரு பாதியை இன்னும் காத்து வருகின்றனர். அறபு, றமழான், றவூப் என்றே அவர்கள் எழுதுவர். இகரம் போயிற்று, றகரம் நின்றது. நாம் இரண்டையும் விட்டுவிட்டோம்.

இராவுத்தர் என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. குதிரை வீரன் எனப் பொருள்படும் இச்சொல்லை, பதினைந்தாம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் மயிலேறும் முருகனுக்கே இட்டு அழைத்தார். அங்கே அது இகரத்துடன்தான் வருகிறது. இன்று நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்களின் பெயரில் இச்சொல் உண்டு. பத்திரத்தில் இராவுத்தர், திருமண அழைப்பிதழில் ராவுத்தர்.

இவ்வளவும் இகரத்தின் தரப்பு. இனி எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும்.

இரயில் என்று கண்டிப்புடன் எழுதும் ஆசிரியர் ரூபாய் என்பதை எவ்வாறு எழுதுகிறார்? விதிப்படி உரூபாய் என்றன்றோ எழுத வேண்டும்? நம் பணத்தாளின் மொழிப்பட்டியலில் ரூபாய் என்றே அச்சாகியிருக்கிறது. ரூ. என்னும் சுருக்கத்தை விடுத்து உரூ. என்று கடைக்காரரிடம் சீட்டு வாங்கியவர் எவரேனும் உண்டா? ரொட்டி, ரவை, லாரி, லட்டு, டாக்டர், டிக்கெட் என்பனவெல்லாம் ஊன்றுகோல் இன்றி நடமாடுகின்றன. டகரமும் மொழிக்கு முதலாகாத எழுத்துதான். இடாக்டர் என எழுதுவாரை நான் கண்டதில்லை. இரயிலில் டிக்கெட் இன்றிப் பயணம் செய்தவருக்கு ரூபாய் ஐந்நூறு தண்டம் என்று ஒரு தொடர் எழுதினால், அதில் ஒரு சொல்லுக்கு மட்டும் விதி. மற்ற இரண்டுக்கும் விலக்கு. இப்படி ஒரு கண் மூடி மறு கண் திறந்து நிற்கும் விதியை மாணவர் மதிப்பது எங்ஙனம்?

பேச்சையும் நோக்குக. விதி பிறந்தது நாவில் என்றோம். அந்த நா இன்று என்ன செய்கிறது? இராசபாளையத்து முதியவரும் ராசபாளையம் என்றே சொல்கிறார். ராத்திரி, ராசா, ரெண்டு, ரொம்ப, லேசு என்று எழுத்தறியாதவரும் ரகர லகரங்களில் சொல்லைத் தொடங்குகின்றனர். இவற்றுள் ரெண்டு என்பது இரண்டு என்னும் தனித் தமிழ்ச்சொல்லின் பேச்சு வடிவம்; முன்னிருந்த இகரத்தை நாவே கழித்துவிட்டது! வடசொல்லுக்கு இகரம் சேர்த்த அதே நா, தமிழ்ச்சொல்லின் இகரத்தைத் தள்ளியிருக்கிறது. ஆகவே, ரகரத்தில் தொடங்கத் தமிழனால் இயலாது என்னும் வாதம் இன்று நில்லாது. இகரம் இப்போது ஏட்டில் மட்டும் வாழும் எழுத்து. வாசிக்கும்போது நம்மில் பலர் அதை ஒலிப்பதும் இல்லை.

இலக்கணம் மாறலாமா என்பாருக்கு ஒரு சான்று போதும். சகர அகரம் மொழிக்கு முதலில் வாராது என்றது தொல்காப்பியம். சங்கு, சட்டி, சந்தை என்று இன்று எழுதாதவர் யார்? நன்னூலார் அத்தடையை நீக்கினார். பழையன சில கழிவதும் புதியன சில புகுவதும் குற்றமாகா என்று நூலின் நிறைவுப் பகுதியில் அவரே கூறிச் சென்றார். இகர விதி தந்தவரே அது தளர்வதற்கும் இடம் தந்திருக்கிறார்.

பாரதியார் தென்காசிப் பக்கத்துப் பின்னணியில் ஒரு சிறுகதை எழுதினார். அதன் தலைப்பு ரயில்வே ஸ்தானம். இகரம் இல்லை; வடவெழுத்தும் உண்டு. அக்கதையில் முஸ்லிம் திருமண முறை பற்றி வந்த ஒரு செய்தி பொருந்தாது என நண்பரொருவர் சுட்டியபோது, பாரதியார் அதை ஏற்றுத் திருத்தம் எழுதினார். திருத்தப்பட்டது வாழ்க்கைச் செய்தி, எழுத்து அன்று. ஒரு படைப்பில் எதைத் திருத்துவது முதன்மையானது என்பதற்கு இதனினும் நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சொல்லையே மாற்றிவிட்டால் வழக்கே எழாதே என்பாரும் உளர். புகைவண்டி என்றோம். நீராவி எந்திரம் ஓய்ந்து டீசலும் மின்சாரமும் வந்தபின் புகை குறைந்தது, பெயரும் தளர்ந்தது. தொடர்வண்டி என்பது அழகிய சொல். பாடநூலில் வாழ்கிறது, நடைமேடையில் வாழவில்லை. ரயில் என்னும் ஆங்கிலச் சொல்லோ வண்டியையே குறிப்பதன்று. நேர்கோலைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் மரச்சட்டத்தையும் பின்னர்த் தண்டவாளத்தையும் குறித்தது. 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் முதல் வண்டி ஓடிய பின், தண்டவாளத்தின் பெயரை வண்டிக்கே சூட்டிக்கொண்டது நம் மக்களின் செயல். பொருளையே மாற்றிச் சொந்தமாக்கிக்கொண்ட சொல் இது. சயாம் – பர்மா பாதையில் 1942–43ஆம் ஆண்டுகளில் மடிந்த மலாயாத் தமிழர்களின் நினைவும் சயாம் மரண ரயில் என்னும் இப்பெயரிலேயே தங்கியிருக்கிறது. இதனை இனி வேற்றுச்சொல் எனத் தள்ளுவது அரிது.

வழக்கின் உயிர்நிலை மக்கட் பெயர்களில் இருக்கிறது. வண்டி தன் பெயரை எப்படி எழுதினாலும் வருந்தப் போவதில்லை. மனிதன் வருந்துவான். நம் வகுப்பில் ரஹ்மான், ரகுமான், இரகுமான், றஹ்மான் என ஒரே பெயரை நால்வகையாக எழுதும் மாணவர்களைக் காணலாம். பள்ளியில் சேர்க்கும்போது பதிவேட்டை எழுதிய ஆசிரியரின் தமிழ்க் கொள்கை எதுவோ, அதுவே பிள்ளையின் பெயராயிற்று. அவர் தனித்தமிழ்ப் பற்றாளராயின் இரகுமான். நாளிதழ் வாசகராயின் ரகுமான். குடும்ப அட்டையில் வேறொன்று, ஆதாரில் மற்றொன்று. அரசிதழில் அறிவிப்புச் செய்து பெயரைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. ஆயினும் பிறர் எழுதிய ஓர் எழுத்துக்குப் பணமும் நாளும் செலவிட வேண்டியவன் அவன்.

தமிழில் எழுதும் பெயருக்கு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதுதல் வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டில் ஆணையிட்டது. தமிழாசிரியன் என்ற முறையில் அதனை மனமார வரவேற்றவன் நான். அப்போதுதான் நம் வழக்கு கூர்மை பெற்றது. தந்தையின் பெயர் ரஹீம். மகனின் முன்னெழுத்து ர. என்பதா, இ. என்பதா? ஆங்கிலத்தில் அது ஐயமின்றி ஆர். என்றே இருந்தது. தமிழில் இ. என்று எழுதினால், இப்ராஹீமின் மகனும் இஸ்மாயிலின் மகனும் ரஹீமின் மகனும் ஒரே முன்னெழுத்துக்கு உரியவர் ஆகின்றனர். தந்தையின் பெயரில் இல்லாத எழுத்து, தந்தையின் அடையாளமாக மகனின் பெயருக்கு முன்னே நிற்கும்! இலட்சுமணனின் மகனுக்கும் இதே நிலைதான். இஃது ஒரு சமயத்தாரின் குறை அன்று. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை விளங்கிய இராசபாளையத்துக் குமாரசாமி ராஜாவின் பெயரே ராஜா, ராசா, இராசா என நூலுக்கு நூல் மாறி நிற்பதைக் காணலாம்.

அகரவரிசையும் இதனால் தடுமாறுகிறது. ரகரத்தில் தேடும் மாணவனுக்குச் சில அகராதிகளில் அச்சொல் அகப்படுவதில்லை. அது இகரத்தில் ஒளிந்திருக்கும். நூலகப் பட்டியலில் ராஜாஜியின் நூல் ஓரிடம், இராஜாஜியின் நூல் ஓரிடம். கணினியில் தேடுவோர்க்கும் இடர் இதுவே. எந்திரத்துக்கு நன்னூல் தெரியாது. இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்றே அது கொள்ளும்.

அரசாணை ஒன்றால் தீர்த்துவிடலாமே என்பர். ஆணை வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. 1978ஆம் ஆண்டு வந்த எழுத்துச் சீர்திருத்த ஆணை வென்றது. பழைய வடிவத்து ணை, லை, றா, னா முதலியன ஒரு தலைமுறைக்குள் மறைந்தன. பெரியாரின் குடிஅரசு இதழ் 1935ஆம் ஆண்டு முதலே அப்புதிய வடிவங்களை அச்சிட்டு மக்களின் கண்ணைப் பழக்கியிருந்தது; பாடநூலும் அச்சகமும் உடன் வந்தன. மாறியது எழுத்தின் வடிவம். எவருடைய பெயரின் ஒலியும் மாறவில்லை. 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி வந்த ஆணையோ சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தம் ஊரின் பெயரைத் தாம் அறிந்த எழுத்தில் காணாத மக்கள் முகம் சுளித்ததே காரணம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அரங்கம், உலோகம், இராமாயணம் முதலாக நூல் வழக்கில் வேரூன்றிய சொற்கள் தம் முன்னெழுத்துடனே நிற்கட்டும்; அவற்றைப் பிடுங்குவது வீண் வேலை. பிற்காலத்து வரவாகிய ரயில் போன்றவற்றில் இரு வடிவத்தையும் சரியென ஏற்க வேண்டும். நான் கரும்பலகையில் இரயில் என்றே எழுதுவேன். என் ஆசிரியர்கள் பழக்கிய கை அது. ரயில் என எழுதிய விடைத்தாளில் சிவப்பு மை இடேன். அகராதியும் பட்டியலும் இரண்டு இடத்திலும் சொல்லைக் காட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி சுட்டுதல் வேண்டும். சீறா, இறசூல், உமறு முதலிய பழைய எழுத்துகளை வகுப்பில் காரணத்துடன் கற்பித்தல் வேண்டும். அவற்றைக் காணும் மாணவன் அச்சுப்பிழை என எண்ணிக் கடந்துவிடக் கூடாது.

மக்கட் பெயரில் மட்டும் ஆசிரியருக்கும் அலுவலருக்கும் உரிமை இல்லை. பெயருக்கு உரியவர் எழுதுவதே எழுத்து. இவ்வாறு கதவைத் திறந்தால் தமிழின் ஒலியமைப்பே குலையும் என மூத்த தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் கடிந்துரைத்தார். அவர் அச்சத்தை நான் எளிதாகக் கொள்ளவில்லை. அவரிடம் கேட்டது ஒன்றே: உங்கள் பேரனின் பெயர் என்ன? ரமேஷ் என்றார், இகரம் இல்லாமல்தான் சொன்னார்.

இம்மலரின் பின்பகுதியில் அச்சாகும் நம் துறை மாணவர் பெயர்ப்பட்டியலை அவரவர் தம் கையால் எழுதித் தந்தவாறே இடுமாறு மலர்க்குழுவினரைக் கேட்டுக்கொண்டுள்ளேன். அகரவரிசையில் எவர் முன், எவர் பின் என்னும் தலைவலியை அச்சகத்தார் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கின்றனர்.